கடலாடத் தக்க கரை

கடலாடுதல் தமிழ் மக்களுக்குப் புதிய செயலன்று. சிலப்பதிகாரத்தில் கடலாடு காதை எனத் தனியே ஒரு காதை அமைந்திருத்தலே புகார் நகரத்தார் அதனை விழாவாகக் கொண்டாடினர் என்பதற்குப் போதிய சான்றாகும். இன்றும் மாசி மகத்தன்றும் ஆடி அமாவாசையன்றும் பல்லாயிரவர் அலைவாயில் நின்று தலை முழுகுகின்றனர். ஆயினும் இவர்கள் முழுகுவது முழங்காலளவு நீரில், முழுகியதும் கரையேறிவிடுவர். இவ்வியாசம் அத்தகைய தீர்த்தமாடுதலைப் பற்றியதன்று. விளையாட்டிற்காகவும் உடற்பயிற்சிக்காகவும் கடலில் நீந்த விரும்புவோரும், முகக்கண்ணாடியும் மூச்சுக்குழலும் அணிந்து கடலின் அடியிலுள்ள அதிசயங்களைக் காண விரும்புவோரும் எத்தகைய கரையை நாடவேண்டும், எத்தகைய கரையை விட்டு விலகவேண்டும் என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள்.

நம் வாசகர்களிற் பலர் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி முதலிய ஊர்களினர். இவ்வூர்கள் ஏரி சூழ்ந்தவை. கடலோ கிழக்கே பதினைந்து இருபது கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அம்பத்தூர் நிலையத்தில் மின்சார ரயிலேறினால் ஒரு மணி நேரத்திற்குள் அலையோசை கேட்கும் இடத்தை அடையலாம். ஆதலின் விடுமுறை நாளில் நண்பர் குழாத்தோடு கடற்கரைக்குச் செல்லுதல் இப்பக்கத்து இளைஞர்க்கு எளிது. அவ்வாறு சென்ற குழாத்தினின்று ஒருவர் இருவர் குறைந்து திரும்பும் துயரச் செய்தியும் ஆண்டுதோறும் கேட்கப்படுகிறது. இறந்தவர்களுள் நீந்தத் தெரியாதாரும் உண்டு. நன்றாக நீந்தத் தெரிந்தாரும் உண்டு. பின்னவர் நிலையே நாம் ஊன்றி நோக்கற்பாலது.

கிணற்றிலும் ஏரியிலும் பயின்ற நீச்சல் ஒருவகை. கடல் நீச்சல் வேறொருவகை. முதுகிற் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு கிணற்றில் குதித்துக் கற்றவன், எப்பக்கம் கை வீசினாலும் நான்கு வீச்சில் சுவரைத் தொட்டுவிடலாம் என்னும் துணிவோடு பழகியவன். ஏரியிற் பயின்றவனுக்கு மண் வெட்டிய பள்ளங்களைப் பற்றிய அச்சம் உண்டெனினும், நீர் தன்னை ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்கு இழுத்துச் செல்லும் என்ற எண்ணமே அவனுக்கு வாராது. உப்புநீர் நன்னீரினும் ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனமுடையது. ஆகவே உடல் அதில் எளிதாக மிதக்கும். இவ்வொரு நன்மையை முதல் ஐந்து நிமிடத்தில் உணர்ந்தவன் தன் திறமை திடீரென்று பெருகிவிட்டதாக எண்ணி மேலும் உள்ளே செல்கிறான். கேடு அங்கேதான் தொடங்குகிறது.

சென்னைக் கடலின் இயல்பைச் சிறிது விரித்துக் கூறுவோம். துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்னர், கப்பல்கள் கரையை அணுகமாட்டாது தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. ஆளையும் பண்டத்தையும் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். அவை பலகைகளை ஆணியின்றிக் கயிற்றால் தைத்துச் செய்யப்பட்டவை. ஆணி அறைந்த படகு இவ்வலைகளின் மோதலில் பிளந்துபோகும். தைத்த படகோ நெளிந்து கொடுக்கும். இப்படகோட்டிகளின் துணையின்றி அந்நாளைக் கவர்னர்களும் கரையில் கால்வைக்க இயலவில்லை. இத்தகைய அலை மோதும் கரையை நாம் மாலைப்பொழுது நீராடும் துறையாகக் கருதுவது வியப்பே. 1876-இல் துறைமுக வேலை தொடங்கிய பின்னர், தெற்கினின்று வடக்கு நோக்கி நகரும் மணல் அத்தடுப்புச் சுவரால் தடைப்பட்டுத் தென்புறத்திற் குவிந்தது. மெரீனா அகன்று விரிந்தது அதனால். இராயபுரம் முதலிய வடபாற் கரைகள் அரிப்புண்டதும் அதனால். கரை அகன்றதேயன்றிக் கடல் சாந்தமடைந்ததில்லை. அலையானது சரிந்த மணலின்மேல் செங்குத்தாக எழுந்து ஒருங்கே கவிழ்கின்றது. கால்கீழ் மணலையும் உடன் வாரிச் செல்கின்றது.

அடையாறுக்குத் தெற்கே எலியட்ஸ் கடற்கரையில் வெள்ளை வளைவுகளோடு கூடிய ஒரு நினைவு மண்டபத்தைப் பலர் கண்டிருப்பர். அதன் நிழலில் அமர்ந்து சுண்டல் தின்போர் பலர். அதன் வரலாற்றை வினவுவோர் சிலர். 1930-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள், கடலில் தத்தளித்த பிறரைக் காப்பாற்ற உதவி, அம்முயற்சியில் தம் உயிரை நீத்த ஷ்மிட் என்னும் தேனிஷ் நாட்டவர்க்காக எழுப்பப்பட்டது அது. கடற்கரையின் அழகுக்கு அணியாக இன்று படமெடுக்கப்படும் அம்மண்டபம் உண்மையில் ஓர் எச்சரிக்கைப் பலகை. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அதன் எதிரேயே நீரில் இறங்குகின்றனர்.

மாண்டவர்களைக் கொண்டுபோகும் ஆற்றல் யாது? பொதுமக்கள் அதனைச் சுழல் என்பர். பெரும்பாலும் அது சுழலன்று. நேரே கடல் நோக்கி ஓடும் ஓர் இழுப்பு நீரோட்டம். அலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரைமேல் நீரைக் கொணர்ந்து சேர்க்கின்றன. சேர்ந்த நீர் திரும்பவேண்டுமன்றோ? கரைக்குச் சற்று அப்பால் நீரடியில் மணல் திட்டொன்று கரைக்கு இணையாக நீண்டிருக்கும். அத்திட்டில் எங்கேனும் ஓர் உடைப்பு இருந்தால், திரும்பும் நீரெல்லாம் பக்கவாட்டில் ஓடிவந்து அவ்வுடைப்பின் வழியே கடலுக்குப் பாயும். ஏரி மதகைத் திறந்தால் நீர் ஒருவழிப்படப் பாய்வதைக் கண்ட நம் ஊரார்க்கு இதனை விளக்குதல் அரிதன்று. வலியுற்ற காலத்தில் இவ்வோட்டம் நொடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தையும் எட்டும். உலகப் பந்தயங்களில் வெல்லும் நீச்சல் வீரரும் அவ்வேகத்தை எதிர்த்து நெடுநேரம் நீந்தல் இயலாது.

இதில் மிகக் கொடியது யாதெனின், இவ்வோட்டமுள்ள இடமே புதியவன் கண்ணுக்கு நீராட ஏற்ற இடமாகத் தோன்றுதல். இருபுறமும் அலைகள் நுரைத்து உடையும்போது நடுவே ஒரு சிறிய பரப்பில் மட்டும் அலை உடையாது. நீர் சற்றே கருத்து ஆழமாகவும் அமைதியாகவும் தோன்றும். அங்கே நுரையும் சருகும் கரை நோக்கி வாராமல் கடல் நோக்கிச் செல்வதை உற்று நோக்கினால் காணலாம். அமைதியை நாடுகின்றவன் நேரே அதனுள் இறங்குகிறான். ஆகவே புதிய கரையை அடைந்தவுடன் உடை களைந்து ஓடாமல், மேடான மணலில் கால்மணி நேரம் நின்று அலை எங்கே உடைகிறது, எங்கே உடையவில்லை என்று பார்த்தல் வேண்டும். அக்கால்மணி நேரம் வீணென்று நண்பர்கள் நகைப்பார்களாயின் நகைக்கட்டும்.

இழுப்பில் அகப்பட்டவன் செய்யத்தக்கது ஒன்று. அவன் இயல்பாகச் செய்ய முற்படுவது வேறொன்று. கரை கண்முன்னே இருக்கிறது. அதை நோக்கி நீந்தவே மனம் ஏவும். எதிர்த்து நீந்தி ஆற்றலனைத்தையும் இழந்தபின்னரே மக்கள் மூழ்குகின்றனர். இவ்வோட்டம் எவரையும் கீழே இழுப்பதில்லை. வெளியே கொண்டு செல்கிறது, அவ்வளவே. திட்டுக்கு அப்பால் சென்றதும் அதன் வேகம் தணிந்துவிடும். ஆதலின் மல்லாந்து மிதந்து மூச்சைச் சீர்ப்படுத்திக்கொண்டு, கையை உயர்த்தி உதவி வேண்டி, வலிமை இருக்குமாயின் கரைக்கு இணையாக முப்பது நாற்பது மீட்டர் பக்கவாட்டில் நீந்தி, பிறகு அலை உடையும் இடத்தின் வழியே அவ்வலைகளின் உந்துதலோடு கரை சேர்தல் வேண்டும். கரையில் நிற்கும் நண்பன் உடனே பாய்தல் அறிவுடைமையன்று. மிதக்கும் பொருள் யாதாயினும், காலி நீர்க்குடமாயினும், எறிந்துவிட்டு மீனவரை அழைக்கவேண்டும்.

நிற்க. சென்னையைச் சூழ்ந்த கரைகளில் நீந்தவே தக்க இடம் இல்லையோ எனின், தெற்கே கோவளத்தைக் கூறலாம். 2021-இல் நீலக்கொடி என்னும் அனைத்துலகச் சான்று பெற்ற கரை அது. நீராடுதற்கென எல்லை வகுத்த இடமும் காவலும் அச்சான்றின் நியமங்களுட் சில. ஆயினும் கோவளத்தின் அலை பெயர்பெற்றது. பலகைமேல் நின்று அலையேறும் விளையாட்டினர் அங்கே கூடுவதே அதற்குச் சான்று. அலையேறுவோர் விரும்பிக் கூடும் கரை நீந்தக் கற்போர்க்கு உகந்ததன்று என்பது எங்கும் பொருந்தும் ஒரு விதி. நீரடிக் காட்சியோ சென்னைக் கடலில் இல்லை என்றே சொல்லலாம். மணலும் வண்டலும் எப்பொழுதும் கலங்கிக்கொண்டிருக்கும் நீரில் ஒருவன் தன் கையையே காணமாட்டான்.

தெளிந்த நீரும் அடங்கிய அலையும் வேண்டுவோர் தீவை நாடவேண்டும். ஏன் தீவு? நேர்கோடாக நீண்ட கரையில் காற்று ஒருபுறமிருந்து வந்தால் ஒதுங்க மறைவிடம் இல்லை. தீவுக்கோ எப்பொழுதும் ஒரு முதுகுப்புறம் உண்டு. காற்றை எதிர்கொள்ளும் புறத்தில் அலை பொங்கும். மறைவுப் புறத்தில் நீர் குளம்போல் நிற்கும். இவ்வெளிய உண்மையே தீவுகளில் நீராடு துறை தேடுவார்க்குத் திறவுகோல். அமெரிக்காவை அடுத்த கரிபியக் கடலின் சிறு தீவுகளில் இதனை மிகத் தெளிவாகக் காணலாம். அங்கே வாணிபக் காற்று ஆண்டின் பெரும்பகுதியும் கிழக்கினின்றே வீசுகிறது. ஆகவே பார்படோஸ் தீவின் கீழ்க்கரையில் அட்லாண்டிக் பேரலைகள் பாறைகளை அறைந்துகொண்டிருக்க, ஒரு மணி நேரப் பயணத்துள் அடையும் மேல்கரையில் சிறுவர்கள் நீந்தி விளையாடுவர். புதுச்சேரி, காரைக்கால் துறைகளினின்று 1854 முதல் தமிழ்த் தொழிலாளர் கப்பலேற்றப்பட்டுச் சென்ற குவாதலூப்பிலும் இதுவே நிலை. அத்தீவின் மேற்குக் கரைக்குப் பிரெஞ்சு மொழியில் வழங்கும் பெயரே காற்றுமறைவுக் கரை என்று பொருள்படும். அங்குள்ள புறாத்தீவுகள் என்னும் சிறு திட்டுக்களைச் சுற்றியே நீரடிக் காட்சி காண்போர் திரள்கின்றனர்.

கரிபியத் தீவில் மேற்கே போ என்று ஒருமுறை சொல்லிவிட்டால் பெரும்பாலும் போதும். நம் கடல்களில் அவ்வாறு சொல்ல இயலாது. இங்கே காற்று ஆண்டில் இருமுறை திசை மாறுகின்றது. கச்சான் என மீனவர் கூறும் தென்மேற்குக் காற்று வைகாசி முதல் புரட்டாசி வரையிலும், வாடை என்னும் வடகிழக்குக் காற்று ஐப்பசி முதல் மார்கழி கடந்தும் வீசுகின்றன. ஆகவே நம் தீவுகளில் எந்தக் கரை என்று கேட்பவனை நோக்கி எந்த மாதம் என்று திருப்பிக் கேட்டல் வேண்டும்.

இதற்குப் பாம்பன் தீவைக் காட்டிலும் சிறந்த எடுத்துக்காட்டு உலகிலேயே அரிது என்பது எம் கருத்து. இராமேசுவரம் அமைந்த இத்தீவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடி முனை வரை ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நீண்டது. இதன் வடபுறம் பாக் நீரிணைப்புக்குரிய பாக் விரிகுடா. தென்புறம் மன்னார் வளைகுடா. முன்னதை மீனவர் பெண் கடல் என்பர். பின்னதை ஆண் கடல் என்பர். பெண் கடல் ஆழமற்றது. அடியில் கடற்புல் மண்டிக் கிடப்பது. ஆண் கடல் ஆழமுடையது, பெருங்கடலோடு நேரே இணைந்தது. கச்சான் வீசுங்கால் ஆண் கடல் கொந்தளிக்கும். பெண் கடல் அசைவற்றுக் கிடக்கும். வாடை வீசுங்கால் பெண் கடலும் சினங்கொள்ளும்; அப்பொழுது தென்கரை அடங்கும். ஒரே நாளில், ஒரே தீவில், அரைமணி நேரம் நடந்து ஒரு கடலை விட்டு மற்றொரு கடலை அடையும் வாய்ப்பு இங்குள்ள மீனவர்க்கு வாய்த்திருக்கிறது. படகுகளை எக்கரையில் கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தாலே, அன்று எக்கரை நீராடத் தக்கது என்பது விளங்கிவிடும். இக்குறிப்புக்குப் பஞ்சாங்கமும் வேண்டா, கருவியும் வேண்டா.

நீந்த மட்டும் விரும்புவோர், கச்சான் காலத்தில் தீவின் வடகரையையும், தீவை அடையுமுன் மண்டபத்திற்கு மேற்கே உள்ள அரியமான் கரையையும் நாடலாம். அரியமானில் சவுக்குத் தோப்பின் நிழலும் நெடுந்தூரம் ஆழம் மிகாத மணற்றரையும் உண்டு. குழந்தைகளோடு செல்வார்க்கு அதனினும் தக்க கரை தமிழ்நாட்டில் மிகச் சிலவே. இராமேசுவரத்து அக்கினி தீர்த்தமும் அமைதியானதே. ஆனால் அங்கே நாள்தோறும் யாத்திரிகர் திரள்கின்றமையால் நீர் தெளிந்திராது. நீத்தார் கடன் செய்வோர் நடுவே விளையாட்டு நீச்சல் அடித்தல் நாகரிகமும் ஆகாது. ஊருக்கு வடகிழக்கே உள்ள ஓலைக்குடா என்னும் மீனவர் ஊரை ஒட்டி நீரடியில் பவளப் பார்கள் உள்ளன. மூச்சுக்குழலணிந்து பார்க்க விரும்புவோர்க்கு அவ்விடம் ஏற்றது. இரு காற்றுகளுக்கும் இடையே கடல் ஓய்ந்திருக்கும் மாசி, பங்குனி மாதங்களில் வண்டல் அடங்கி நீர் மிகத் தெளிந்திருக்கும். சென்னை வாசிகள் மே மாத விடுமுறையைக் காத்திராமல் அதற்கு முன்னரே செல்லுதல் நலம். ஆனால் தேர்வுகள் அக்காலத்திலேயே வந்து நிற்பது மாணவர் ஊழ்.

தனுஷ்கோடியில் இறங்கற்க. இதனை வற்புறுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது; ஏனெனில் காண்பவர் மனத்தை மயக்குவதில் அதற்கு நிகரான கரை இல்லை. இருபுறமும் நீலநிற நீர், நடுவே வெண்மணல், முனையில் இரு கடலும் கலக்கும் காட்சி. கலக்குமிடத்தில் ஓட்டம் வலிது. தரை திடீரென ஆழ்ந்து செல்வது. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு வீசிய புயலில் அவ்வூரும் அதனை நோக்கிச் சென்ற ரயில்வண்டியும் ஒருங்கே கடல்கொண்டன. இன்று அரிச்சல்முனை வரை சாலை உள்ளது. சாலை வழியே சென்று கண்ணாற் கண்டு வரத் தக்கது, காலை நனைக்கலாம், அதற்கு மேல் வேண்டா.

இலங்கையிலும் இவ்விதியே ஆட்சி செய்கிறது. திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளிக் கரைக்கு எதிரே புறாத்தீவு என்று ஒன்று உண்டு. குவாதலூப்பிலும் அப்பெயரே இருத்தல் நோக்கத்தக்கது; பாறைப் புறாக்கள் எங்கும் மனிதர் இல்லாத திட்டையே விரும்பும் போலும். 2003-இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட அத்தீவைச் சுற்றிப் பவளப் பாறைகள் கரைக்கு மிக அருகிலேயே உள்ளன. மட்டக்களப்பைச் சார்ந்த பாசிக்குடாவில் நெடுந்தொலைவு நடந்து சென்றாலும் நீர் மார்பளவைத் தாண்டாது. கச்சான் காலத்தில் இலங்கையின் மேற்குக் கரையில் அலை அறைகையில், மலைகளின் மறைவிலுள்ள இக்கீழ்க்கரைகள் அமைதியாயிருக்கும். வாடை தொடங்கியதும் நிலைமை தலைகீழாகும். அந்தமானிலும் இத்தகைய கரைகள் பல உள. ஆனால் அங்கே உவர்நீர் முதலைகள் வாழ்கின்றன. எச்சரிக்கைப் பலகையுள்ள கழிமுகத்தருகே எவரும் இறங்கலாகாது.

இனி நீரடிக் காட்சிக்குரிய கருவிகளைப் பற்றிச் சில. வெறுங்கண்ணால் நீருள் நோக்கினால் யாவும் மங்கலாகத் தோன்றுவது ஏன்? நம் கண்ணின் முன்புறத்து வளைந்த படலம் காற்றிலிருந்து வரும் ஒளியை வளைத்துக் குவிக்கும்படி அமைந்தது. நீரும் அப்படலமும் ஒளியை வளைக்கும் திறத்தில் ஏறக்குறைய ஒத்தவையாதலின், நீருள் அதன் தொழில் பயன்படாது போகிறது. முகக்கண்ணாடி செய்வதெல்லாம் கண்ணின் முன்னே சிறிதளவு காற்றை நிறுத்தி வைப்பதே. அதன் வழியே காணும் பொருள், உள்ள தூரத்தில் முக்கால் பங்கு தூரத்தில் இருப்பதுபோலவும், மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தோன்றும். கடலிற் கண்ட மீனின் அளவைக் கரையில் வந்து கூறுவோர் பொய்யர் என்று நாம் உடனே முடிவு செய்தலாகாது. ஆழம் செல்லச் செல்லச் செந்நிற ஒளியே முதலில் மறையும். ஆதலின் நிறங்களைக் காண விரும்புவோர் ஆழத்தை நாடாமல் மேற்பரப்பிலேயே மிதந்து நோக்குதல் போதும்.

மூச்சுக்குழல் ஒரு முழத்திற்குச் சிறிது குறைவான நீளமே உடையது. இரண்டு மீட்டர் நீளமுள்ள குழாயொன்றைக் கொண்டு ஆழத்திலிருந்தே மூச்சுவிடலாமே என்று எண்ணுவோர் உண்டு. அது இயலாது. ஒரு மீட்டர் ஆழத்திலேயே நீர் நம் மார்பைக் காற்றழுத்தத்தின் பத்திலொரு பங்கு மிகுதியால் அழுத்துகிறது. அவ்வழுத்தத்தை எதிர்த்து மார்பை விரிக்க நம் தசைகளுக்கு ஆற்றல் போதாது. அன்றியும், நெடிய குழாயில் நாம் வெளிவிட்ட கெட்ட காற்றே தங்கி மீண்டும் உட்புகும். கடைகளில் வாங்கும் அளவே அளவு.

மூச்சடக்கி மூழ்குவார்க்கு ஓர் அபாயம் உண்டு. நெடுநேரம் தங்கவேண்டி, மூழ்குமுன் பலமுறை வேகமாக மூச்சிழுத்து விடுவார்கள். இதனால் உயிர்க்காற்று அதிகமாகச் சேர்வதில்லை. கரியமிலக் காற்றே குறைகிறது. மூச்சுவிடவேண்டும் என்ற தவிப்பை உண்டாக்குவது அக்கரியமிலக் காற்றின் பெருக்கமாதலின், தவிப்புத் தோன்றுமுன்னரே மூளை உயிர்க்காற்றின்றி மயங்கிவிடும். சத்தமும் இல்லை, கைகால் அடித்தலும் இல்லை. நல்ல நீச்சல்காரரே இவ்வாறு மாள்கின்றனர். தூத்துக்குடியில் முத்துக் குளித்த பழைய குளியாளிகள் கல்லைக் காலிற் கட்டி ஆழத்தில் இறங்கினர். ஆனால் ஒருவன் குளிக்க மற்றொருவன் மேலே கயிறு பிடித்துக் காத்திருந்தான். கயிறு பிடிப்பவன் மைத்துனனாக இருத்தல் வேண்டும் என்பது அக்கரையோர வழக்கு. தன் உடன்பிறந்தாள் கைம்பெண்ணாவதை அவன் விரும்பான் என்பது காரணம். மைத்துனன் இல்லாதார் நண்பனையேனும் படகிலோ மேற்பரப்பிலோ கண்விழித்திருக்கச் செய்யவேண்டும். இருவரும் ஒருங்கே மூழ்குதல் கூடாது.

பவளம் யாதென்பதைப் பலர் இன்னும் கல்லென்றோ செடியென்றோ கருதுகின்றனர். அது பிராணி. கூட்டங் கூட்டமாக வாழும் சிற்றுயிர்கள் தம் உடலைச் சுற்றிச் சுண்ணாம்பால் கட்டும் மாளிகையே நாம் காணும் பாறை. அவ்வுயிர்களின் சதையினுள் கண்ணுக்குப் புலனாகாத பாசிகள் குடியிருந்து, சூரிய ஒளியால் உணவு சமைத்துத் தம் வீட்டுக்காரருக்கும் அளிக்கின்றன. நிறமும் அப்பாசிகளாலேயே பெரும்பாலும் அமைகிறது. கடல் நீர் அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால் பவளம் தன் பாசிகளை வெளியேற்றிவிடும். அப்பொழுது அது எலும்புபோல் வெளுக்கும். வெப்பம் நீடித்தால் பட்டினியால் மடியும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இவ்வாறு பெருமளவில் வெளுப்பு நேர்ந்தது. இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 சிறு தீவுகளைச் சூழ்ந்த கடற்பகுதி 1986-இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்ட பவள வகைகள் அங்கே கணக்கிடப்பட்டுள்ளன. அவ்வறிவிப்புக்கு முன்னும் பின்னும் முருகைக்கல் என்ற பெயரால் பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்திற்கும் கொண்டுபோயினர். அலையைத் தடுத்த வேலி அழிந்தது; பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் இன்று நீருள் மறைந்துவிட்டன. பாறை இருந்த கரையிலேதான் நீராட அமைதியான நீரும் இருந்தது என்பதை இவ்விடத்தில் நினைவுகூர்தல் வேண்டும். அலையின் ஆற்றலை உடைப்பது அதுவே.

ஆதலின் இத்தீவுகளில் விருப்பம்போல் இறங்குதல் சட்டப்படி கூடாது. பாம்பன் தீவின் குந்துகாலுக்கு எதிரே தோன்றும் குருசடைத் தீவு கடல்வாழ் உயிர்களை ஆராய்வார்க்கு நெடுங்காலமாகப் பெயர்பெற்ற இடம். வனத்துறையாரிடம் அனுமதி கேட்டறிந்தே அங்குச் செல்லவேண்டும். அனுமதி கேளாமலே கொண்டுபோய் விடுகிறேன் என்று அழைக்கும் படகுக்காரரை நம்பற்க. பார் உள்ள இடத்தில் மிதக்கும்போது அதன்மேல் நிற்றலும், கையால் ஒடித்தலும், துடுப்புக் காலணியால் உதைத்தலும் ஆகா. ஒரு விரற்கடை வளர அதற்குப் பல ஆண்டு செல்லும். நிற்பவன் காலுக்கும் நன்மையில்லை. பவளம் கீறிய புண் எளிதில் ஆறாது.

காலைப் பற்றிப் பேசுகையில் திருக்கையை மறத்தலாகாது. பெண் கடலின் ஆழமற்ற மணலில் அது தன்னைப் புதைத்துக்கொண்டு கிடக்கும். மிதித்தால் வாலின் முள்ளால் குத்தும். காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்துக்கொண்டே நடந்தால் அதிர்ச்சி உணர்ந்து அது விலகிவிடும். குத்திவிட்டால், பொறுக்கத்தக்க சூடுள்ள நீரில் அவ்விடத்தை வைத்திருத்தல் வேதனையைத் தணிக்கும். பிறகு வைத்தியரை நாடவேண்டும். சொறி எனப்படும் இழுது மீன் மிகுந்த நாட்களில் மீனவச் சிறுவரே நீரில் இறங்கார். அவர்கள் இறங்காத நாளில் நாமும் இறங்காதிருப்போம். பட்டுவிட்டால் கடல் நீராலேயே கழுவவேண்டும். நன்னீர் ஊற்றினாலும் துணியால் தேய்த்தாலும் எரிச்சல் மிகும்.

அம்பத்தூரிலிருந்து புறப்படுவார்க்குப் பயணம் ஓரிரவு. மாலையில் ரயிலேறினால் விடியும் வேளையில் வண்டி பாம்பன் கால்வாயைக் கடக்கும். 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தின் அருகே 2025 ஏப்பிரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தின்மேல் இப்பொழுது வண்டி செல்கிறது; அதன் நடுப்பகுதி கப்பல்களுக்கு வழிவிட நிமிர்ந்து மேலெழும். வண்டி பாலத்தின்மேல் செல்லும்போது இருபுறமும் சன்னல் வழியே நோக்குக. வலப்புறம் ஆண் கடல், இடப்புறம் பெண் கடல். எப்புறம் நீர் நுரைத்திருக்கிறது, எப்புறம் படகுகள் அசையாமல் நிற்கின்றன என்பதை அங்கேயே குறித்துக்கொண்டால், இறங்கியபின் எக்கரைக்கு வண்டி அமர்த்துவது என்று எவரையும் கேட்கவேண்டியதில்லை.